நெம்மேலிப் பக்கம் ஒரு மஞ்சள் கட்டம்

போன வருஷம், 2008 மே மாதம், கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை போய்த் திரும்பினேன். மே மாதத்தில் மாமல்லபுரம் போகிறவன் ஒன்று காதலிக்கிறவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டுக்காரனாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் மின்விசிறியும் ஏர்கூலரும் விற்கிறவன். வெயில்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஏப்ரலில் மழை பெய்தால் ஊரே சந்தோஷப்படும். நான் மட்டும் குடோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கேட்க வேண்டாம்.

போனதற்குக் காரணம் என் தங்கச்சி வீட்டுக்காரர் ஏழுமலை. திருக்கழுக்குன்றத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், சாலையை விட்டு உள்ளே, சொந்த நிலத்தில் கறிக்கோழி வளர்க்கிறார். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், ஆறாவது வாரம் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போகும். கொட்டகை, தண்ணீர், உழைப்பு நம்முடையது. அதற்கு முந்தின மே மாதம் ஒரே மத்தியானத்தில் கொட்டகையில் பாதிக் கோழி வாயைப் பிளந்துகொண்டு செத்தது. அன்றைக்கு நான் போயிருந்தேன். ஏழுமலை குழி வெட்டிக்கொண்டே இருந்தார், யாரோடும் பேசவில்லை. பேச்சை விட்டு மனுஷன் இருக்க மாட்டார். அவர் அப்படி இருந்தது என் தங்கச்சி கஸ்தூரியைப் பயமுறுத்திவிட்டது.

அதன் பிறகு அவருக்கு ஒரே யோசனை. கொட்டகையைப் பிரித்துக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்விடுவது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலி போகிற வழியில், பத்து வருஷக் குத்தகைக்கு ஒரு சவுக்குத் தோப்பு கிடைக்கும் என்று தரகர் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு சாயங்காலம் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. கஸ்தூரிக்கு இஷ்டமே இல்லை. "அண்ணா, நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. எனக்கு வாயே இல்லன்னு நெனச்சிகினு கீறாரு" என்று போன் செய்தாள்.

ஏழுமலை வெறும் ஆசையில் கிளம்பவில்லை. அவரிடம் ஆதாரம் இருந்தது. பேப்பரில் ஒரு படம் வந்திருந்தது. வருங்காலத்தில் கோடை எங்கெங்கே எவ்வளவு ஏறும் என்று தமிழ்நாட்டைச் சதுரம் சதுரமாக வெட்டி நிறம் அடித்த படம். செங்கல்பட்டும் திருக்கழுக்குன்றமும் இருக்கிற சதுரம் ரத்தச் சிவப்பு. அதற்குப் பக்கத்தில், கடலோரமாக, இளமஞ்சளில் ஒரு சதுரம். மனுஷன் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு குடும்ப ஜோசியரிடம் போயிருக்கிறார். அவர் ஜாதகத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கிழக்கே போனால் விருத்தி என்று சொல்லிவிட்டார். "ஜோசியரும் கிழக்குன்றாரு, பேப்பரும் கிழக்குன்னுது. ரெண்டு கட்டமும் ஒண்ணா பேசுது மச்சான், இன்னும் இன்னா வேணும்?" என்றார் என்னிடம். நமக்குக் கட்டம் என்றால் ஜாதகக் கட்டம்தானே. சிரிக்க முடியவில்லை எனக்கு. குழி வெட்டினதைப் பார்த்தவன் நான்.

நல்ல வேளையாக, அந்த மாதிரிப் படம் போடுகிற ஒருத்தரை எனக்குத் தெரியும். தெரியும் என்றால், என் கடையில் வந்து சண்டை போட்டவர். வசந்தி மேடம். சொந்த ஊர் கரூர், கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறார், சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. ஏப்ரலில் என்னிடம் ஏர்கூலர் வாங்கி, பத்தே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார்.

"காத்து வருது, குளிர்ச்சி வரலை. ரூம் எல்லாம் ஈரம்."

"ஜன்னலைத் திறந்து வெச்சீங்களா மேடம்?"

"திறந்துதான் வெச்சேன். எனக்கு இதோட கணக்கு தெரியும் சார். காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தா கூலர் என்ன பண்ணும்? நான் வாங்கினதே தப்பு."

தப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு பொருளைத் திருப்பித் தந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டேன். என்ன வேலை என்று கேட்டபோது, வட்டாரத் தட்பவெப்ப மாடல் ஓட்டுகிறேன் என்றார். வரப்போகிற கோடைகள் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பது. ஏழுமலை கதையைச் சொல்லி அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. "அந்தப் படத்தை வெச்சா நிலம் மாத்தறார்? அட்வான்ஸ் கொடுத்துட்டாரா?" என்றார். இல்லை என்றேன். "நான் வர்றேன். எனக்கும் அந்த ரோட்டுல ஒரு நாள் வெப்பநிலை பார்க்கணும்னு ரொம்ப நாளா இருக்கு" என்றார்.

தாம்பரத்தில் ஏழேகால் மணி மின்சார ரயில். கூடுவாஞ்சேரியில் மேடம் ஏறினார், தோளில் ஒரு ஜோல்னா பை, கையில் துணி சுற்றிய ஒரு மரச்சட்டம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உட்கார இடம் இருந்தது. கொளவாய் ஏரியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. எட்டு மணிக்குச் செங்கல்பட்டு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் நாஸ்தா. இரண்டு பேருக்குப் பொங்கல், வடை, காபி ஐம்பத்தாறு ரூபாய். வடை நன்றாக இருந்தது, சாம்பார் சுமார்.

சாப்பிடும்போது நான் கேட்டேன், இந்த மாடல் எப்படி வேலை செய்கிறது, என்னை மாதிரி ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று. மேடம் சொன்னது இதுதான். உலகம் முழுவதையும் பெரிய பெரிய சதுரமாகப் பிரித்து ஓட்டுகிற மாடல்கள் இருக்கின்றன. அவற்றில் தமிழ்நாடே சில சதுரம்தான். அந்த மாடல் நம் எல்லையில் என்ன காற்று, என்ன ஈரம் வருகிறது என்று சொல்லும். அதை வாங்கிக்கொண்டு உள்ளே சின்னச் சதுரமாகப் பிரித்து ஓட்டுவது வட்டார மாடல். மலை, கடற்கரை எல்லாம் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

"அப்போ அது மொத்த வியாபாரி, நீங்க சில்லறை."

"கரெக்ட். மொத்த வியாபாரி மட்டமான சரக்கு அனுப்பினா, நான் எவ்வளவு அழகா அடுக்கி வெச்சாலும் மட்டம்தான்" என்று சிரித்தார். எனக்கு அந்த நிமிஷமே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. தன் சரக்கின் குறையைச் சொல்லுகிறவரிடம் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

நாள் முழுக்க ஆட்டோவுக்கு அறுநூற்றைம்பது ரூபாய் பேசினேன். எண்ணூறில் ஆரம்பித்தார். டிரைவர் பெயர் டில்லி, முப்பது வயது இருக்கும். மேடத்தின் மரச்சட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, பூதம் கீதம் பாக்கற மெஷினா?" என்றார். அதில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா இருக்கும். இன்னொன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். வருங்கால வெயிலைக் கணக்குப் போடுகிறவர் இவர் என்று நான் சொன்னதுதான் தாமதம், டில்லி திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்ட ஆரம்பித்தார். "யக்கா, வெயிலு கெடக்கட்டும், எனக்கு எப்ப கண்ணாலம்னு ஒரு கட்டம் போட்டுப் பாரு." "முதல்ல ரோட்டைப் பாருங்க, அப்பதான் கல்யாணம் நடக்கும்" என்றார் மேடம்.

ஒன்பதே காலுக்கு ஏழுமலை கொட்டகை. நீளமான கல்நார் ஓட்டுக் கூரை, இரண்டு பக்கமும் கம்பி வலை. உள்ளே ஐந்து வாரக் கோழிகள், நல்ல கனம். ஐந்தாவது வாரம்தான் ஆபத்து. குஞ்சு சூடு தாங்கும். கனத்த கோழி தாங்காது. கோழிக்கு வியர்வை கிடையாது, இரைத்து இரைத்துத்தான் உடம்பை ஆற்றிக்கொள்ள வேண்டும். மேலே தண்ணீரைப் புகை மாதிரி தெளிக்கிற குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேற்குப் பக்கத்து வலை நெடுகக் கஸ்தூரி கோணிச் சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்தாள், வாளியில் தண்ணீர் மொண்டு அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வந்தியா" என்றாள், வாளியைக் கீழே வைக்கவில்லை.

ஏழுமலை பேப்பர் படத்தைப் பிரித்து மேடத்திடம் நீட்டினார். கை கழுவிவிட்டு, பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும்.

"இது நீங்க போட்டதாம்மா?"

"எங்க மாதிரி வேற ஆளுங்க போட்டது. இதே முறைதான்."

"நம்ம தோப்பு இந்த மஞ்சா கட்டத்துல குந்திகினு கீது. நல்ல கட்டம்தானே?"

மேடம் ஒரு குச்சியை வாளித் தண்ணீரில் நனைத்தார். கொட்டகை வாசலில் சிமெண்டுத் தரையில் அந்தக் குச்சியால் ஈரக் கோடு போட்டார், ஒட்டினாற்போல் நான்கு சதுரம். "இந்த ஒரு சதுரம் பக்கத்துக்கு ஐம்பது கிலோமீட்டர். இதுக்குள்ள இருக்கற எல்லா இடத்துக்கும் மாடல் ஒரே குணம்தான் கொடுக்கும். செங்கல்பட்டு, உங்க கொட்டகை, கிட்டத்தட்ட மாமல்லபுரம் வரைக்கும் இந்தச் சிவப்புக்குள்ள அடங்கிடும். அடுத்தது இந்த மஞ்சள். இதுல ஓரமா ஒரு துண்டு தரை, மிச்சம் எல்லாம் தண்ணி. பாதிக்கு மேல தண்ணியா இருந்தா மாடல் மொத்தத்தையும் கடல்னு எடுத்துக்கும். மஞ்சளா இருக்கறது கடலோட வெப்பநிலை. மாடல் கண்ணுக்கு உங்க தோப்பு அதுல இல்லைங்க. அதோட கணக்குல அந்தக் கட்டத்துல தரையே இல்லை."

ஏழுமலை அந்த ஈரக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் பாதி காய்ந்துவிட்டது.

"அப்ப பேப்பர்காரன் பொய் சொல்றானா?"

"பொய் இல்லை. அது வேற ஒரு கேள்விக்குப் பதில். மாநிலம் முழுக்க எந்தப் பக்கமா சூடு ஏறுதுன்னு பார்க்கப் போட்டது. ஒரு தோப்புக்குக் கேட்டா சொல்லத் தெரியாது அதுக்கு."

இந்த இடத்தில் நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வியாபாரி புத்தி, சரக்கில் ஓட்டை காட்டியாகிவிட்டது, பேரம் முறிந்தது என்று. ஆனால் ஏழுமலை கெட்டி. "சரிம்மா, கட்டம் கெடக்கட்டும். கடலாண்ட காத்து வருதா இல்லியா? இங்க அனலு, அங்க காத்து. இதுக்கு கம்ப்யூட்டரு வேணுமா? வாங்க, நேர்ல காட்றேன்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மேடமும் அதை ஒத்துக்கொண்டார். சட்டத்தை நிழலில் மாட்டி இரண்டு தெர்மாமீட்டரையும் பார்த்துக்கொண்டார். கரண்ட் இருக்கிறது, குழாய் ஓடுகிறது, இரண்டு மணிக்குள் வந்துவிடலாம் என்று கஸ்தூரியை விட்டுவிட்டு மூவரும் கிளம்பினோம்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் பதினைந்து கிலோமீட்டர், ரோடு நன்றாக இருக்கிறது. வழியில் நுங்கு, ஆளுக்கு மூன்று. பதினொன்றரைக்கு மாமல்லபுரம். கோயில், குகை எல்லாம் வெளியிலிருந்துதான் பார்த்தோம். பாறை அப்படிக் கொதித்தது. ஒரு வெள்ளைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார். கடற்கரையிலேயே காற்று மேற்கிலிருந்துதான் அடித்தது, அடுப்பு ஊதுகிற மாதிரி. "கடல் காத்து இன்னும் கிளம்பலை" என்றார் மேடம். "மேல்காத்து பலமா இருந்தா அதை உள்ளே விடாது. எவ்வளவு லேட்டா வருதோ அவ்வளவு சூடு ஏறும். மாடலுக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம் இதுதான். கரையே சரியாத் தெரியாத சதுரத்துல, கரையிலேர்ந்து கிளம்பற காத்து எப்படித் தெரியும்?"

நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியை அங்கேதான் கேட்டேன். "மேடம், சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க. இன்னும் முப்பது வருஷத்துல எத்தனை டிகிரி ஏறும்?"

"ஒரு நம்பர் சொன்னா அது ஏமாத்து. ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு அளவு சொல்லும். புகை எவ்வளவு விடப்போறோம்கறதைப் பொறுத்தும் மாறும். ஆனா எதை ஓட்டினாலும் மேலேதான் போகுது, ஒண்ணுகூட இறங்கலை. ராத்திரிச் சூடும் ஏறுது, அதை யாரும் கவனிக்கறதில்லை."

இது எனக்குப் புரிந்தது. சீசனுக்கு முன்னால் எத்தனை விசிறி எடுப்பது என்று நான்கு ஏஜெண்டிடம் கேட்பேன். நாலு பேரும் நாலு எண் சொல்வார்கள். எவன் சொன்னது சரியாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவதில்லை. நாலு பேரும் விற்பனை கூடும் என்றால் கூட எடுப்பேன். குறைந்தபட்சம் சொன்னவன் கணக்கே பலித்தாலும் மூழ்காத அளவுக்கு எடுப்பேன். அவ்வளவுதான். இதைச் சொன்னேன். "இதை எங்க ஆபீஸ்ல வந்து ஒரு தடவை சொல்லுங்க சார்" என்றார்.

பன்னிரண்டே காலுக்குத் தோப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில், மாமல்லபுரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். நாங்கள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சவுக்கு மரங்கள் மேற்குப் பக்கமாகச் சாய்ந்தன. வந்துவிட்டது. சட்டைக்குள் காற்று புகுந்தது. டில்லி ஆட்டோவிலேயே காலை நீட்டினார். ஏழுமலை கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"பாத்தியா மச்சான்? இதுக்குத்தான் வந்தேன். இங்க ஒரு கோழி சாவுமா?"

நானே மனம் மாறிவிட்டேன், உண்மையைச் சொன்னால். மேடம் சட்டத்தை மரத்தில் மாட்டிக் காத்திருந்தார். சும்மா இருக்கிற தெர்மாமீட்டர் முப்பத்தைந்து காட்டியது. மாமல்லபுரத்தில் முப்பத்தொன்பது இருந்தது, நாலு டிகிரி இறங்கிவிட்டது. ஈரத்துணி தெர்மாமீட்டர் இருபத்தொன்பது.

"இந்த ரெண்டுக்கும் நடுவுல ஆறு டிகிரிதான் இருக்கு. தண்ணி தெளிச்சுக் குளிர வைக்கணும்னா இந்த இடைவெளிக்குள்ளதான் வைக்க முடியும். அதுலயும் முக்கால்வாசிகூடக் கிடைக்காது. இங்க நீங்க என்ன தெளிச்சாலும் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் வரும். தரையெல்லாம் நசநசன்னு ஆயிடும்."

"கோழிக்கு ஈரத்துணியா கட்டப் போறோம்?" என்றார் ஏழுமலை எரிச்சலாக.

எனக்குச் சட்டென்று கூலர் ஞாபகம் வந்தது. "மாப்ளே, மாமல்லபுரத்துக்கு வித்த கூலர் எல்லாம் எங்கிட்ட திரும்பி வருது. செங்கல்பட்டுக்கு வித்தது ஒண்ணும் வர்றதில்ல. உன் சாக்கும் கூலர்தான்." அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், பொண்டாட்டியோடு சேர்ந்துகொண்டு பேசுகிறான் என்கிற பார்வை.

அப்போது என் செல்போன் அடித்தது. கஸ்தூரி. "அண்ணா, அவரு போனு கெடைக்கல. கரண்டு போச்சு. மோட்டாரு ஓடல. காத்து ஒண்ணும் வரல இங்க. ஓரமா நாலஞ்சு வுழுந்துடுச்சு. வரச் சொல்லு." பின்னால் கோழிகளின் சத்தமே இல்லை. அதுதான் பயம். சூட்டில் கோழி கத்தாது.

இருபத்திமூன்று கிலோமீட்டரை டில்லி நாற்பத்தைந்து நிமிஷத்தில் ஓட்டினார். ஏழுமலை ஆட்டோவின் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. பாதி வழியில், "போன வருஷம் மாதிரியே கீது மச்சான்" என்றார், என்னைப் பார்க்காமல். மாமல்லபுரம் தாண்டி ஆறேழு கிலோமீட்டரிலேயே சட்டைக்குள் இருந்த காற்று நின்றுவிட்டது. மறுபடியும் முகத்தில் அனல்.

இறங்கியதும் ஆளுக்கு ஒரு வாளி. காலையிலேயே கஸ்தூரி தொட்டியை நிரப்பி வைத்திருந்தாள். கரண்ட் போகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்குக் கரண்டின் மேல் நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான். மேற்குப் பக்கத்துச் சாக்குகளை நனைத்துக்கொண்டே இருந்தோம். டில்லி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தார். மேடம் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கஸ்தூரிக்குப் பக்கத்தில் நின்றார். கஸ்தூரி, "மேலருந்து ஊத்து யக்கா, கீழ தானா எறங்கும்" என்று சொல்ல, அவர் அப்படியே செய்தார். நாளெல்லாம் திட்டிக்கொண்டிருந்த அந்த மேல்காற்றே சாக்குக்குள் புகுந்து ஜில்லென்று உள்ளே போனது. கீழே படுத்துக் கிடந்த கோழிகள் மெதுவாகச் சாக்குப் பக்கமாக நகர்ந்து வந்தன.

கொஞ்சம் மூச்சு விட்டதும் மேடம் சட்டத்தைக் கொண்டுவந்தார். வெளியே நிழலில் நாற்பதரை; ஈரத்துணி இருபத்தேழு. பிறகு சாக்குக்கு உள்பக்கம், கோழி நிற்கிற உயரத்தில் பிடித்துக்கொண்டு ஏழுமலையைக் கூப்பிட்டார். "நீங்களே படிங்க." அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். முப்பத்திரண்டு.

"தோப்புல எவ்ளோ சொன்னம்மா?"

"சும்மா முப்பத்தஞ்சு. தண்ணி தெளிச்சா முப்பத்தொண்ணு."

"ஒரு டிகிரிக்கா வூட்ட காலி பண்ணப் பாத்தேன்?"

கஸ்தூரி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று நான் பார்த்தேன். "அந்தத் தோப்புத் தண்ணி உப்புன்னு நான் சொன்னப்ப காது கேக்கல. தெர்மாமீட்டரு சொன்னா கேக்குதா? சாக்கு காயுது பாரு" என்றாள்.

மூன்று இருபதுக்குக் கடல் காற்று கொட்டகைக்கு வந்தது. கிழக்குப் பக்கத்து வலை லேசாக ஆடியது, பிறகு பனை ஓலை மேற்கே திரும்பியது. கோழிகள் ஒவ்வொன்றாக எழுந்து தீவனத் தட்டுக்குப் போயின. அன்றைக்குப் போனது முப்பதுக்குள்தான். ஏழுமலை எண்ணிப் பார்க்கவில்லை, குழி ஒன்றுதான் வெட்டினார். வெட்டும்போது பேசிக்கொண்டே வெட்டினார். தரகருக்குப் போன் போட்டு, "தோப்பு வேணாம் அண்ணாத்த, பேஜாரு பண்ணாத, வேற ஆளு பாரு" என்றார்.

எல்லாருக்கும் மோர் வந்தது. அப்போதுதான் கஸ்தூரி கேட்டாள். "யக்கா, இவ்ளோ தெரிஞ்ச நீ எங்க வூடு வாங்கிகீற?" மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூடுவாஞ்சேரி. மூணாவது மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே. அந்த விலைக்கு அதுதான் கிடைச்சுது." எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன். அந்த வீட்டுக்குத்தான் கூலர் விற்றிருக்கிறேன்.

ஆனால் மேடம் அங்கேயே இன்னொன்றும் சொன்னார், சிரிப்பு அடங்கின பிறகு. அன்றைய முப்பத்திரண்டைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம் என்று. வருகிற வருஷங்களில் இரண்டு தெர்மாமீட்டரும் சேர்ந்தே ஏறும். சும்மா இருக்கிறது ஏறினால் சாக்கு கட்டலாம். ஈரத்துணி ஏறினால் சாக்குக்கும் வேலை குறையும். "தப்பிக்கறதுக்குத் தோப்பு வழி இல்லைன்னுதான் காட்டினேன். இந்தக் கொட்டகை எப்பவும் தப்பிச்சுடும்னு நான் சொல்லலைங்க." ஏழுமலை தலையை ஆட்டினார். அவருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும்தான். ஆனால் அதைச் சொல்லாமல் ரயிலேறியிருந்தால் மேடத்தை நான் அவ்வளவு மதித்திருக்க மாட்டேன்.

ஐந்தரை ரயிலில் திரும்பினோம். டில்லிக்கு எழுநூற்றைம்பது கொடுத்தேன். அதில் நூறு ரூபாய் வாளி தூக்கியதற்கு.

இந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே மாதம் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாதென்றால் பத்தரை மணிக்குள் பாறைகளைப் பார்த்துவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள், மறுபடி நாலு மணிக்கு இறங்குங்கள். திருக்கழுக்குன்றம் மலை ஏறுகிறவர்கள் காலை எட்டு மணிக்கு மேல் நினைக்கவே வேண்டாம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு நேர் பஸ் உண்டு, ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ என்றால் எண்ணூறு கேட்பார்கள், எழுநூறுக்குக் கீழே பேசுவது கஷ்டமில்லை. குடிக்கத் தண்ணீரைச் செங்கல்பட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கடலோரம் வீடோ நிலமோ வாங்குகிறவர்கள் மத்தியானம் வந்து காற்று வாங்கிவிட்டு முடிவு பண்ணாதீர்கள். ராத்திரி ஒரு நாள் விசிறி இல்லாமல் படுத்துப் பாருங்கள். பேப்பரில் நிறம் அடித்த படம் வந்தால் ஒரு கட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் கேளுங்கள். விசிறி வேண்டுமென்றால் என்னிடம் வாங்குங்கள். கடலோரத்துக்குக் கூலர் கேட்டால் இப்போதெல்லாம் நானே தருவதில்லை.

ஏழுமலை அந்த வருஷமே கூரையை நாலடி உயர்த்தி, மேலே தென்னங்கீற்று போட்டார். இந்த வருஷம் ஜனவரியிலேயே கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார், கத்திரியில் கனத்த கோழி இருக்கிற மாதிரி குஞ்சு இறக்காதே என்று. "மே மாசம் கொட்டகை காலியா கெடந்தா இன்னா துன்னுவ?" என்று கேட்டாராம் அவர். "கோழி செத்தா மட்டும் இன்னா துன்னுவேன்?" என்றாராம் இவர். அதனால் இப்போது, நான் இதை எழுதுகிறபோது, கொட்டகை காலி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கஸ்தூரி மே மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாளாகத் தங்கியிருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விசிறிக்குக் கீழே படுக்கிறாள். கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து வாசலுக்குப் போய், கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், மரம் அசைகிறதா என்று. அசைந்த பிறகுதான் வந்து தூங்குகிறாள்.